செவலைக்குப் பத்து நாள்

"மறுபடியும் நாயைப் பார்க்கக் கிளம்பிட்டாளா?"

கடலைக்காட்டில் கொடி பிடுங்கிக்கொண்டிருந்த மாரக்காள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். ஆராயி வரப்பேறிப் பண்ணாடி வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை.

"இவ புள்ளையை மட்டுமா கடிச்சுது? பண்ணாடி பேரனையுந்தான் கடிச்சுது. அவங்க இப்படியா ஓடறாங்க? குனிஞ்சு வேலை செய்ய உடம்பு வணங்கல, அதுக்கு ஒரு சாக்கு."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ஆராயி காதில் விழுந்தது. அவள் நிற்கவில்லை.

எட்டு நாளைக்கு முன்பு பண்ணாடி வீட்டுச் செவலை நாய், ஆராயியின் மகள் அத்தாயியைக் கெண்டைக்காலில் கடித்தது. திரும்பிய வேகத்தில் வாசலில் நின்ற பேரனைக் கையில் கடித்தது. பெண்ணுக்கு ஆறு வயது. பையனுக்கு ஏழு.

ஊரே தடியெடுத்தது. காட்டுக்குச் சொந்தக்காரரான பண்ணாடி தங்கசாமிதான் தடுத்தார். ஊர் மணியக்காரரும் அவர்தான்.

"யாரும் அடிக்க வேண்டாம். மாட்டாஸ்பத்திரியில கேட்டுட்டு வாரேன்" என்று திருச்செங்கோட்டுக்கு வண்டி கட்டினார். சாயங்காலம் வந்து சொன்னார்:

"டாக்டர் ஊருல இல்ல. கம்பவுண்டர் சொன்னாரு. நாயைக் கொல்லாம கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்கோணுமாம். பத்து நாள் நல்லா இருந்துட்டா அதுக்கு வெறி இல்ல. கடிபட்டவங்களுக்கும் பயமில்ல."

அன்றிலிருந்து அந்த நாயின் உயிர்தான் ஆராயிக்கு மகளின் உயிர். தன் கஞ்சியில் பாதியைக் கொண்டுவந்து அதற்கு ஊற்றினாள். அது நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மீதிக் கஞ்சி அவள் தொண்டையில் இறங்கியது.

ஏழு நாள் குடித்தது.

இன்றைக்குக் காலையில் ஊற்றியது அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. கொட்டகையில் கட்டியிருந்த செவலையின் கீழ்த்தாடை தொங்கியது. எச்சில் நூலாக வடிந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். காது அசையவில்லை.

"பண்ணாடி, ஒரு எட்டு வந்து பாருங்க சாமி."

தங்கசாமி வந்து பார்த்தார்.

"தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு. வாயை மூட முடியல. அவ்வளவுதான்."

"குன்னூருல ஊசி போடறாங்களாமா. ஏழைங்களுக்கு ரயில் சும்மாவாமா. மணியக்காரர் எழுதிக் குடுத்தாப் போதுமாமா..."

"பதினாலு ஊசி, ஆராயி. தெனம் ஒண்ணு, வயித்துல. பச்சப்புள்ளை தாங்குமா? நீயும் கூடப் போனா பதினஞ்சு நாள் ஆயிரும். அதுக்குள்ள கடலை மண்ணுலயே முளைச்சிரும்." அவர் சிரித்தார். "எம்பட பேரனைப் பாரு. மோகனூர்ல மாமன் ஊட்டுல, ஆத்துல குதிச்சுக்கிட்டுக் கெடக்கறான். எனக்கு இருக்கறது ஒரே பேரன். பயமிருந்தா நான் சும்மா இருப்பனா?"



பண்ணாடியின் மனைவி வள்ளியாத்தாள் உள்ளேயிருந்து ஒரு சொம்பு பால் கொண்டுவந்தாள். ஆராயியின் முகத்தைப் பார்க்காமலே, "புள்ளைக்குக் குடு" என்று கீழே வைத்தாள்.

இவ்வளவு நல்லவர்களைப் போய் நச்சரிக்கிறோமே என்று ஆராயிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. வெக்கை நோய் கண்ட மாடுகளைப் பார்க்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த மாட்டு டாக்டர் பாலசுந்தரம் இறங்கினார்.

"மாடெல்லாம் தோட்டத்துல நிக்குதுங்க டாக்டர், இப்படி வாங்க" என்று தங்கசாமி முன்னால் நடந்தார்.

ஆராயி டாக்டரின் வழியில் விழுந்தாள்.

"சாமி, நாயை ஒரு தரம் பாருங்க. எலும்பு மாட்டியிருந்தா எடுத்து உடுங்க."

டாக்டர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார்.

"யாராவது இது வாய்க்குள்ள கையை விட்டீங்களா?"

"இல்லைங்க."

"விட வேண்டாம். இது எலும்பு இல்ல, வெறி. தாடை விழுந்துட்டுது. நாளைக்கு உயிரோட இருக்காது."

ஆராயிக்கு அழக்கூடத் தெரியவில்லை.

"எம்பட புள்ளையைக் கடிச்சுது சாமி. எட்டு நாளாச்சுங்க."

"எங்கே கடிச்சுது?"

"காலுலங்க."

"முகத்துல இல்லையே. இன்னும் நேரம் இருக்கும்மா. இன்னைக்கே சங்ககிரியில ரயில் ஏறணும்." டாக்டர் தன் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினார். "மணியக்காரரே, கையெழுத்துப் போடுங்க."

தங்கசாமி போட்டார்.

வள்ளியாத்தாள் யாரையும் கேட்காமல் வண்டி பூட்டச் சொன்னாள். சேதி கேட்டு, காட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது மாரக்காள்.

ஆராயி வண்டியின் பின்கட்டையைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, ஏறு" என்றார் டாக்டர்.

"சின்னப் பண்ணாடியும் கடிபட்டவருங்க." அவள் தங்கசாமியின் பக்கம் திரும்பினாள். "மோகனூருக்கு ஆளை அனுப்புங்க சாமி. அவரு வர்ற வரைக்கும் நாங்க இருக்கறோம். ஒரு ரயிலு போனாப் போகட்டும். அங்க ஊசி போடறப்ப அவரையும் நானே மடியில வெச்சுப் புடிச்சுக்கறேன்."

தங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளியாத்தாள் அத்தாயியை மாரக்காளிடமிருந்து வாங்கி வண்டியில் உட்காரவைத்தாள்.

"நீ ஏறு ஆராயி. யாருக்காகவும் நிக்காதே. அவனுக்குக் குன்னூருல இன்னைக்கு ஆறாவது ஊசி."