ஐந்துக்கு ஐந்து

எழுதியதை மூன்றாவது முறையாக அழித்தாள் பத்மப்ரியா. நான்கு மணிக்கு இன்னும் ஆறே நிமிடம்.

சுவரில் இருந்த பெரிய திரையில் பச்சை எண்கள் மினுங்கின. 143 / 144.

மிச்சமிருக்கும் அந்த ஒன்று அவள்தான். மூன்றாம் மாடி மொத்தத்துக்கும் அது தெரியும்.

'வேலை பார்க்கச் சிறந்த நிறுவனம்' என்று ஒரு விருது. அதற்கான கருத்துக்கணிப்பு. ஊழியர்கள் ஒருத்தர் விடாமல் பெயர் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் விருது கிடையாது. கேக் வந்து, பக்கத்தில் கத்தியும் வைத்தாகிவிட்டது.

கேட்டிருந்தது ஒரே கேள்வி. 'நெருக்கடியான நேரத்தில் உங்கள் மேலாளர் உங்களைப் பார்த்துக்கொண்டாரா? ஐந்துக்கு எத்தனை? காரணம் எழுதவும்.'

"பத்மா, உன் ஒருத்திக்காக மாடி முழுக்க கேக்கைப் பாத்து எச்சி முழுங்கிட்டு நிக்கோம், கேட்டியா!"

மேலாளர் ஆதர்ஷ். எல்லையோரப் பாறசாலைக்காரன். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். சுற்றி நின்றவர்கள் பிறகு சிரித்தார்கள்.

அவன் கை அவள் நாற்காலியின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

புது மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரம். மூன்று நாளாக யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசி நாள் இந்த மாடியில் இருந்தது மூன்றே பேர். ஆதர்ஷ், அவள், பக்கத்து நாற்காலி பிரஜின்.

பிரஜின் இரண்டு தடவை நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்து, வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டான். இரண்டு தடவையும் ஆதர்ஷ் அவன் தோளில் செல்லமாகக் கை வைத்து, அழுத்தி, உட்கார வைத்தான்.

"இன்னும் ஒரு மணிக்கூர், கேட்டியா."

அதைத்தான் எழுதுகிறாள். அதைத்தான் அழிக்கிறாள். நாளைக்கு அவள் வேலை நிரந்தரமாகிற கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் ஆதர்ஷ். வீடு இருக்கும் வலியசாலையில் அப்பா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

வருவது வரட்டும். நான்காவது முறையாகத் தட்டினாள். மதிப்பெண்: ஒன்று. காரணம்: நான்கு வரி.

விரல் 'அனுப்பு' மேல் போய் நின்றது.

நின்றபோதுதான் அந்த எண் உறுத்தியது. 143.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். இத்தனை பேர் கால்கடுக்க நிற்கிறார்கள், அதில் மட்டும் யாரும் உட்காரவில்லை. பிரஜினின் நீலக் குடை அதன் கைப்பிடியில் அப்படியே தொங்கியது.

"ஆதர்ஷ், பிரஜின் எத்தனை போட்டிருக்கான்?"

சிரிப்பு பட்டென்று நின்றது. எதிரே நின்ற ஒருத்தி கையிலிருந்த காகிதத் தட்டையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆதர்ஷ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அஞ்சுக்கு அஞ்சு. நேத்தே போட்டாச்சு. முதல் ஆளே அவன்தான்."

அவன் கை நாற்காலியிலிருந்து அவள் தோளுக்கு நகர்ந்தது. மெல்ல அழுத்தியது.

பத்மப்ரியா எழுந்தாள். கை நழுவி விழுந்தது. எதையும் அனுப்பாமல் லேப்டாப்பை மூடினாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

யாரும் தடுக்கவில்லை.

கதவுக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது பின்னால் கைதட்டல் வெடித்தது.

திரும்பினாள்.

144 / 144.

எண்ணுக்குக் கீழே ஓடிய பதில்களில் கடைசிப் பெயர் அவளுடையது. அவள் அனுப்பாத பதில். 'ஐந்துக்கு ஐந்து. இது என் இரண்டாவது வீடு.'

பட்டியல் மேலே ஓடி, முதல் பெயரில் போய் நின்றது.

'பிரஜின். ஐந்துக்கு ஐந்து. ரிலீஸ் வாரத்தில் ஆதர்ஷ் என்னைக் கூடப்பிறந்தவன் போலப் பார்த்துக்கொண்டார். பதிலளித்த நேரம்: நேற்று காலை 10.40.'

நேற்று காலை அதே பத்து நாற்பதுக்குத் தைக்காடு மயானத்தில், வரிசையில் அவளும் நிற்க, பிரஜினின் அஸ்திக் கலசத்தை அவன் தம்பி கையில் கொடுத்தார்கள்.