பதினான்காவது முறை

"எங்கம்மா உயிர் போற நேரம் பார்த்து டிங்னு மணி அடிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?"

கதைக்காரி கேட்டதும் மெடல் தலையைக் குனிந்துகொண்டு, கீபோர்டில் சிக்கியிருந்த பிஸ்கட் தூளை ஊதினான்.

அது ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனி. மொத்தமே ஒன்பது பேர், ஒரு ஹால், ஓயாமல் முனகும் ஒரு ஏசி. மூன்று வருடமாக அவர்கள் செய்துகொண்டிருந்தது நாற்பது மணி நேரம் ஓடும் ஒரு கதை விளையாட்டு. வீட்டைவிட்டுப் போன மகள், படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்க்க ஊர் ஊராகக் கடந்து திரும்பி வருகிறாள்.

கதை எழுதியவள் கதைக்காரி. விளையாடுகிறவர்களுக்கு அங்கங்கே டிங் என்ற மணியோடு பதக்கம் கொடுக்கிற வேலை இவனுக்கு. அதனால்தான் இவனுக்கு மெடல் என்று பெயர் விழுந்தது.

முதல் நாள் மீட்டிங்கிலேயே அவள் சொல்லிவிட்டாள். "அந்த அம்மா வேற யாரும் இல்ல, எங்கம்மாதான். அவங்க பேசுறதை அப்படியே எழுதியிருக்கேன்." கதையில் அந்த அம்மா வாய்க்கு வாய் 'தங்கம்' என்பாள். வைத்தியரும் தங்கம், திருட வந்தவனும் தங்கம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. மேற்கொண்டு எதையும் கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

"அக்கா, நாப்பது மணி நேரம் கூடவே வந்தவனை முதுகுல ஒரு தட்டு தட்டிக் குடுக்க வேணாமா?" என்றான் மெடல், ஒருவழியாகத் தலையை நிமிர்த்தி.

"தட்டு. சண்டையில ஜெயிச்சாத் தட்டு, மீன் பிடிச்சாத் தட்டு. நெஞ்சு அடைச்சுப் போய் உக்காந்திருக்கிறவனை எதுக்குத் தட்டுறே? அழ வந்தவன் கண்ணைத் தொடைச்சுட்டு, எத்தனை பதக்கம் சேர்ந்திருக்குன்னு எண்ண ஆரம்பிச்சுடுவான்."

"அந்தப் பதக்கம் சும்மா கிடைக்காதுக்கா. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, விளக்கு அணையிற வரைக்கும் ஒரு பட்டனையும் அமுக்காம இருக்கணும். முக்கால்வாசிப் பேரால முடியாது, கை பரபரக்கும். 'கடைசிவரை கூட இருந்தவர்'னு அதுக்குப் பேரு. நல்ல பேருதானே?"

"பேரு நல்லாத்தான் இருக்கு. அந்த டிங்தான் சகிக்கல."

ஒரு மாதமாக இதே பாட்டுதான். கதைக்காரி அரை நாள் லீவுகூடப் போடாமல், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எதிரே உட்கார்ந்து அவன் உயிரை வாங்கினாள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டிய முதலாளிக்குக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

"நாளைக்கு மதியம் கேம் வெளியே போகுது," என்றார் அவர். "அப்புறம் யாரும் கைவைக்க முடியாது. பதக்கம் இருக்கா இல்லையான்னு நீங்களே பேசி முடிங்க. என்னை விட்டுடுங்க."

அவள் கிளம்பிப் போனதும் மெடல் பட்டியலைத் திறந்தான். சோதனைக்குக் கொடுத்த எந்த மெஷினில், எந்தக் காட்சி, எத்தனை மணிக்கு ஓடியது, பதக்கம் கிடைத்ததா என்று அதில் இருக்கும். தன் பதக்கத்துக்காக ஒருவராவது மெனக்கெட்டிருந்தால் அதைக் காட்டி ஜெயித்துவிடலாம் என்று அவனுக்கு ஓர் ஆசை.

ஏழாம் நம்பர் மெஷினில் கண் நின்றது. கதைக்காரி தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போன மெஷின் அது. அம்மா சாகும் காட்சி: காலை பதினொன்று. பதினொன்றரை. மதியம் இரண்டு. மறுநாள் திரும்பவும் பதினொன்று. இந்த ஒரு வாரத்தில் மட்டும் பதினான்கு முறை. பதினான்காவது முறைதான் பதக்கம்.

மெடல் பட்டியலை மூடினான். பாவம், பெற்றவளைப் பதினான்கு தடவை வழியனுப்பியிருக்கிறாள். பதின்மூன்று தடவை பார்க்கச் சகிக்காமல் எதையோ அமுக்கிவிட்டு, கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு இவன் டிங் என்று மணி அடித்திருக்கிறான்.

மூன்று மாத உழைப்பு. இருபத்தேழு பதக்கம், ஒவ்வொன்றுக்கும் அவன் கையாலேயே வரைந்த குட்டிப் படம். அத்தனையையும் ஒன்றுவிடாமல் கேமிலிருந்து எடுத்துப்போட்டான். காலையில் எல்லா மெஷினுக்கும் தானாகப் போய்ச் சேரும்படி புது கேமை அனுப்பிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் அவள் வந்து பையை வைப்பதற்குள் எதிரே போய் நின்றான். "அக்கா, எல்லாத்தையும் எடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

"எல்லாத்தையுமா? மீன் பிடிச்சதைக்கூடவா? நான் அந்த ஒண்ணைத்தானேடா எடுக்கச் சொன்னேன்." வாய் அப்படிச் சொன்னாலும் அவள் முகம் மலர்ந்துதான் போனது. "சரி விடு. இன்னைக்கு மதியச் சாப்பாடு என் செலவு."

மணி பதினொன்று தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். அவளுடைய போன் அடித்தது. காதில் வைத்தவளுக்கு 'ஹலோ' சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை. மலர்ந்திருந்த முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. திருதிருவென்று விழித்தபடி போனை அவன் பக்கம் நீட்டினாள்.

"உன்கிட்டத்தான் பேசணுமாம்."

"யாருக்கா?"

"நீயே கேட்டுக்க."

மெடல் போனைக் காதில் வைத்தான்.

"ஏன் தங்கம், பதினாலு வாட்டி செத்து நான் வாங்கின பதக்கத்தை எதுக்குப் புடுங்கினே?"