பனியனில் தைத்த லேபிள்

பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்திக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், மனைவி தெய்வாத்தாள் அவருடைய பனியன்களின் நெஞ்சிலெல்லாம் லேபிள் அடித்துத் தைத்துவிட்டாள்: ‘எனக்குச் சர்க்கரை நோய். மயங்கினால் உடனே இனிப்பு கொடுங்கள்.’

லேபிள் வீண்போகவில்லை. போன மாதம் ஒரு காதுகுத்தில் மயங்கினார். போன வாரம் புதுவீட்டு விருந்தில். இரண்டு இடத்திலும் யாரோ சட்டைப் பொத்தானைக் கழற்றி, லேபிளைப் படித்து, லட்டோ மைசூர்பாகோ ஊட்டிக் காப்பாற்றிவிட்டார்கள்.

இன்று சம்பந்தி வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் சாய்ந்துவிட்டார். தெய்வாத்தாளுக்கு உயிரே போய்விட்டது. பையிலிருந்த குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு ஓடினாள். டம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

தலையைத் தாங்கிப் பிடித்திருந்த சம்பந்தி சொன்னார்: “குளுக்கோஸ் தண்ணிங்க. மெல்லக் குடிச்சுப்போடுங்க.”

திருமூர்த்தி கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“அதெல்லாம் வேண்டாங்க சம்பந்தி... பந்தியில ஜாங்கிரி தீந்துபோச்சுங்களா?”

மறுநாள் எல்லாப் பனியனிலும் புது லேபிள் ஏறியது: ‘எனக்குச் சர்க்கரை நோய். மயங்கினால் குளுக்கோஸ் மட்டும் கொடுங்கள். ஜாங்கிரி கேட்டால் நடிப்பு.’