பத்துத் தெருத் தண்ணீர்

"பத்துத் தெருவுலயும் கிருமியா? ஏம்மா, நீ வேலைக்கு வந்து முழுசா மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள ஊரையே ஆஸ்பத்திரியில படுக்க வைக்கப் பாக்கறியே!"

குடிநீர் வாரிய அதிகாரி அறிக்கையை வீசினார். அது மேசையில் வழுக்கிப் போய் ஆய்வகப் பெண்ணின் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டாள்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு சார். நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சு மூணு தடவை செஞ்சு பாத்தேன். மூணு தடவையும் இதேதான் வருது."

"ஒரே தப்பை மூணு தடவை பண்ணா அது சரியாயிடுமா?"

நேற்று முழுக்க அவளும் தன்னிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவோரம் பாட்டில்காரர் நின்றிருந்தார். மாதம் ஒருமுறை பத்துத் தெருக்குழாய்களிலும் தண்ணீர் பிடித்து, பெயர் ஒட்டி, ஆய்வகத்தில் கொடுப்பது அவர் வேலை. காலையில் முதல் ஆளாக வந்து எல்லா அறைகளையும் திறப்பதும் அவர்தான். ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம். முழங்கால் வலிக்குச் சுவரில் சாய்ந்திருந்தார்.

"இவரைக் கேளு. ஆறு வருஷம் முன்னாடி ரெண்டு தெரு தப்பா வந்துச்சு. கூப்பிட்டு, 'இனிமே நல்ல தண்ணியாப் பாத்துப் பிடிச்சுட்டு வாய்யா'ன்னு ஒரு சத்தம் போட்டேன். அன்னையிலேருந்து ஒரு குறை உண்டா?"

"இல்லைங்கய்யா," என்றார் பாட்டில்காரர், தரையைப் பார்த்தபடி.

"அதுக்குத்தான் அடுத்த வாரம் 'சிறந்த குடிநீர் ஊர்' விருது. மேடை போட்டாச்சு. மாலைக்குச் சொல்லியாச்சு. இந்த நேரத்துல தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு நோட்டீஸ் ஒட்டணுமாம்!"

"ஒரு நிமிஷம் நல்லாக் கொதிச்சாலே கிருமி செத்துடும் சார்."

"எதுக்குக் காய்ச்சணும்? என்னை மாதிரி மெஷின் மாட்டிக்கட்டும்." முதுகுக்குப் பின்னால் கட்டை விரலைக் காட்டினார். அங்கே சுவரில் சுத்திகரிப்பு இயந்திரத்தின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கண்ணை உறுத்துகிறதென்று பாதி விளக்கை மறைத்து, போன வருடப் பாராட்டுச் சான்றிதழைத் தொங்கவிட்டிருந்தார். "வாங்கி ஏழு வருஷமாச்சு. ஒரு ரிப்பேர் உண்டா, செலவு உண்டா?"

"உள்ள இருக்கற வடிகட்டியை வருஷா வருஷம் மாத்தணும் சார். இல்லேன்னா..."

"பேச்சை மாத்தாத!" என்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரமா வயிறு வேற கடமுடாங்குது. கேன்டீன்காரன் என்னத்தப் போட்டுத் தொலைக்கறானோ." மாத்திரையை வாயில் போட்டு, மெஷினில் பிடித்த ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

அவள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். "இன்னொண்ணும் இடிக்குது சார். குழாய்த் தண்ணின்னா கொஞ்சமாச்சும் குளோரின் இருக்கணும். பத்துப் பாட்டில்லயும் துளிகூட இல்ல. உப்போட அளவு நம்ம நீரேற்று நிலையத்துல முந்நூறு. தெருவுக்கு வந்தா முப்பது."

"உப்பு கொறஞ்சா நல்லதுதானே? ஊர்ல ரத்தக் கொதிப்பு கொறையும். அதையும் விருதுல சேத்துக்கலாம்."

"பத்துத் தெருவுலயும் ஒரே மாதிரி எப்படி சார் கொறையும்?"

"தெரியலேன்னா ஒத்துக்கணும்." வெள்ளைத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். "'என் கவனக்குறைவால் பரிசோதனை பிழையாகிவிட்டது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கும் வேலைக்கு வரலாம். முடியாதுன்னா வேற இடம் பாத்துக்கோ."

அவள் பேனாவைத் திறந்தாள். வேலை கிடைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பேனா முனை தாளைத் தொடப்போன நேரத்தில், மூன்று சோதனைகளையும் மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். எங்கேயும் இடறவில்லை. பேனாவை மூடினாள்.

"விதிப்படி மறுமாதிரி எடுக்கலாம் சார். அதே குழாய்ல பிடிச்ச தண்ணி. உங்க கண் முன்னாடியே சோதிக்கறேன். நல்ல தண்ணின்னு வந்தா நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

"சபாஷ்! நீயே வந்து மாட்டிக்கிட்டே." அதிகாரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "யோவ், காதுல விழுந்துச்சா? போய்ப் பிடிச்சுட்டு வா."

பாட்டில்காரர் நகரவில்லை. "அதே குழாய்லதான் பிடிக்கணுமாங்கய்யா?"

"அதே குழாய்தான்யா! ஒரு அடி தள்ளிப் பிடிச்சேன்னு தெரிஞ்சுது, ரெண்டு மாசம் என்ன, ரெண்டு நாள்கூட இங்க இருக்க மாட்டே."

பாட்டில்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் மூடிய பேனாவை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். அவர் பெருமூச்சு விட்டு, பத்துக் காலி பாட்டில்கள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வாசலுக்குப் போகாமல், நொண்டி நொண்டி மேசையைச் சுற்றி அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"கொஞ்சம் நாற்காலியை நகத்துங்கய்யா," என்று பணிவாகச் சொல்லிவிட்டு, சான்றிதழை ஒதுக்கி, மெஷின் குழாயைத் திறந்து முதல் தெருவின் பாட்டிலை நிரப்பத் தொடங்கினார்.