ஜிகினாத் தாள்

டோல்கேட்டில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய கட்டண ஸ்டிக்கரைப் படிக்கும் மெஷின் வந்தபின் வேலையில் மிஞ்சியவள் இளவரசி மட்டும்தான். மெஷின் படிக்காத வண்டியைக் கைக்கருவியால் படிப்பது அவள் பொறுப்பு. அப்படிப்பட்ட வண்டியே வராவிட்டால் அவளும் வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னதை, லாரி ஓட்டும் மாணிக்கராஜிடம் ஒருநாள் சொல்லியிருந்தாள்.

அவன் லாரி இந்த வாரமும் நின்றது. ஸ்டிக்கரின் மேல் பளபளவென்று ஜிகினாத் தாள்.

"என்னங்க இது?"

"ஆயுத பூஜைக்கு ஒட்டினதுங்க."

"இது பங்குனிங்க."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். பசை இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவள் தாளை உரித்து, போன வாரத் தாளோடு சேர்த்துப் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்தாள். கருவியைக் காட்டினாள். தடுப்பு உயர்ந்தது.

"அடுத்த வாரம் கொஞ்சம் பெரிசா ஒட்டுங்க," என்றாள். "இன்னைக்கு ஓரம் தெரிஞ்சுது. மெஷின் படிச்சிடுமோன்னு பயந்துட்டேன்."