பிடோக்குக்கு வந்த கம்ப்யூட்டர்

“வயரையெல்லாம் கழட்டி, டாக்சியில மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன் தம்பி. ஆன் ஆகமாட்டேங்குது லா,” என்றார், சிங்கப்பூரின் பிடோக் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த திலகவதி.

“குலுங்கினதுல ரேம் லூஸாயிருக்கும் ஆன்ட்டி.” ரிப்பேருக்கு வந்த ரமணன் அதை அழுத்திப் பொருத்தினான்.

திரை ஒளிர்ந்தது. கேமரா தானாகத் திறந்தது. அதில் தெரிந்தது இந்த அறை அல்ல. சாமான்கள் இல்லாத ஒரு ஹாலில், நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“எங்க பழைய குவீன்ஸ்டவுன் வீடு. அவர் என் வீட்டுக்காரர்.”

“வீடியோ காலா? சார் இன்னும் கிளம்பலையா?”

“என் தப்புதான். வீடு மாறும்போது இறந்தவங்க படத்துக்கு முன்னால நின்னு, புது வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடணும். மறந்துட்டேன்.”

திரையை நோக்கி மெல்லச் சொன்னார்: “வாங்க, போவோம்.”

நாற்காலி காலியானது. திரை ஒருமுறை நடுங்கி, இந்தப் பிடோக் அறையைக் காட்டியது.

ரமணனுக்கும் திலகவதிக்கும் நடுவில் அவர் நின்றிருந்தார்.