சுவருக்கு அந்தப் பக்கம்

தையல்காரி பின்கதவைச் சட்டென்று திறந்தாள். நினைத்தது சரி. கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் கையில் வாளியும் கரண்டியுமாகச் சுவரோரம் குனிந்திருந்தாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

பத்து நாளாகத் தெருவுக்கே இவள் பேச்சுதான். விடிந்ததும் ஒவ்வொரு வீட்டுப் பின்னாலும் எதையோ தோண்டுகிறாளாம். பிள்ளை இல்லாதவள், மந்திரம் கிந்திரம் பண்ணுகிறாள் என்றது பாதித் தெரு. சாயங்காலம் வாடகை வாங்க வீட்டுச் சொந்தக்காரர் வருகிறார். தையல்காரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"என் வீட்டுப் பின்னால என்ன தோண்டறீங்க?"

வந்தவள் பதறவில்லை. வாளியைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே காகிதப் பொட்டலம். தையல்காரி நேற்று மகளுக்குக் கால் கழுவிவிட்டு, மலத்தைச் சுருட்டி வீசியது.

வெட்கம் வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"பால் குடிக்கிற பிள்ளையோடது. அது என்ன விஷமா? எல்லாரும்தான் வீசறாங்க."

"எல்லார் வீட்டுதையும்தான் எடுக்கறேன். மழை பெஞ்சா அத்தனையும் குழாயடிப் பள்ளத்துக்குத்தான் வரும். அந்தப் பள்ளத்துல இறங்கித்தானே குடம் வைக்கிறோம். எங்க வீட்டுக் கக்கூஸ்ல கொட்டித் தண்ணி ஊத்திட்டா தீந்துது."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"இதுக்கு முன்னாடி இருந்த தெருவுல சொன்னேன். எங்களுக்குப் புத்தி சொல்ல நீ யாருன்னு காலி பண்ண வச்சிட்டாங்க."

தையல்காரிக்குக் கோபம் வடிந்தது. அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

"பிள்ளை வயித்துப்போக்குலயா போச்சு, அக்கா?"

"ம். ரெண்டு வயசு. மூணே நாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். வழியிலேயே தல சாஞ்சிடுச்சு."

தையல்காரிக்கு அழுகை முட்டியது. இவளைப் போய் என்னென்ன பேசினோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"பெத்த வயிறு எப்படிக்கா தாங்குச்சு?"

வாளியோடு நடக்கத் தொடங்கியவள் நின்றாள்.

"என் பையன் நல்லாத்தான் இருக்கான், தங்கச்சி. ஹாஸ்டல்ல படிக்கிறான். செத்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவங்கம்மா என் தோள்லதான் சாஞ்சு அழுதா. என் பையனோடதச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினது நான்னு இன்னிவரைக்கும் அவகிட்ட சொல்லல."